ஒரே ஊற்றுக்கு இரண்டு பூட்டு

என் சண்டைக்கார சதாவுக்கு,

மாசி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து முன்னால் கூட்டம். வந்தவர்கள் முப்பத்து நாலு பேர். மேலூரிலிருந்து பதினேழு, கீழூரிலிருந்து பதினேழு. பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரி சரிபாதி. நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள். "எண்ணிட்டு வந்து பேசுடா" என்று நீ எப்போதும் சொல்வாய் இல்லையா? எண்ணிவிட்டேன். பேச வந்திருக்கிறேன். நீதான் இல்லை.

உன் கல்லூரிப் பிள்ளைகள் உன் நினைவாக ஒரு மலர் போடுகிறார்கள். "சாரோட ஃபிரண்டு நீங்க, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கண்ணா" என்று கேட்டார்கள். புகழ்ந்து எழுத எனக்கு வராது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்கு நீ சதாசிவம் சார், சமூகவியல் கௌரவ விரிவுரையாளர், வெள்ளைச் சட்டை, தோளில் பை. நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. சேந்தமங்கலத்தில் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடைக்காரரின் மகன். மெக்கானிக்கல் டிப்ளமோ. கொல்லிமலையில் உங்கள் ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட வந்தவன். வந்த முதல் நாளே நமக்குள் சண்டை.

பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். நீ வந்து கரைமேல் நின்றாய். "ஏனுங் பாய், இந்தக் குழாய் எதக் கொண்டாரும்?" என்றாய். "தண்ணீங்க" என்றேன். "எதக் கொண்டு போகும்?" என்றாய். "கழிவுநீர் லைன் இந்த வேலைல இல்லீங்க, அதுக்குத் தனியா எழுதிக் குடுக்கோணும்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் என் ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீ என்ன கேட்டாய் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரியாத கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறவனை எனக்குப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது.

பிறகு உன் வண்டி ரிப்பேர் ஆகிற நாளெல்லாம் என் வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டாய். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு பாடம். சமூகவியலுக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் என்று நாலு பேரைச் சொல்வாய். பெயர் சொன்னால் நான் மறந்துவிடுவேன் என்று பட்டப்பெயர் வைத்தாய். பிரெஞ்சுக்காரர், தாடிக்காரர், ஆபீஸ்காரர், சண்டைக்காரர். நாலு பேரும் செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர்களுக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "புவியீர்ப்பக் கண்டுபிடிச்சவனும் செத்துட்டான், உன் தண்ணி இன்னும் கீழதான் ஓடுது" என்றாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வளைவு வந்ததால்தான் சொல்லவில்லை.

பிரெஞ்சுக்காரரைப் பற்றி நீ சொன்னது நினைவிருக்கிறது. ஒரு ஊரில் எல்லோரும் ஒரே வேலையைச் செய்யும்போது ஒருவிதமாக ஒட்டிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு வேலை பார்க்கும்போது, ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு ஓடாது என்பதால், வேறுவிதமாக ஒட்டிக்கொள்கிறார்கள். முதல் ஒட்டு விட்டுப்போய் இரண்டாவது பிடிப்பதற்குள் நடுவில் ஒரு காலம் உண்டு, அதில் மாட்டினால் மனுஷனுக்கு எது சரி, எது தப்பு என்றே தெரியாது. அப்புறம் இதையும் சொன்னாய்: "நம்பிக்கை இருக்கறதால கூடறாங்கன்னு நாம நெனைக்கறோம். அவரு திருப்பிப் போட்டாரு. கூடறதாலதான் நம்பிக்கையே வருது. சிமெண்டு மாதிரின்னு வெச்சுக்க. ஆனா உன் சிமெண்டு காஞ்சா இறுகும், இது நனைஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் இறுகும்."

"சிமெண்டும் நனைஞ்சாத்தான்டா இறுகும். அதுக்குப் பேரு க்யூரிங். தெரியாததை உதாரணம் சொல்லாதே" என்றேன்.

நீ என் முதுகில் ஒரு அடி வைத்தாய். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு!" என்று வளைவில் கத்தினாய். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள்.

ஊற்று இருப்பது இரண்டு ஊருக்கும் மேலே, பலாமரங்களுக்கு நடுவில். கீழூர்க்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பங்காளி. மேலூர்க்காரர்கள் அவர்களுக்கு மாமன் மச்சான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இந்த இரண்டு ஊருக்குள்தான். உன் அப்பா கீழூர், உன் அம்மா மேலூர். வருஷத்துக்கு ஒரு தரம், திருவிழாவுக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு ஆள் வந்து ஊற்றைத் தூர் வாருவார்கள். கீழூரில் ஒரு சாவு விழுந்தால், அந்த உடம்பைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வர வேண்டியது மேலூர் மாமன் மச்சான்கள். மேலூரில் விழுந்தால் கீழூர்க்காரர்கள். ஊற்றிலிருந்து குடத்தில் எடுத்து, தோளில் வைத்து, நடந்து வர வேண்டும். சொந்தப் பங்காளி எடுக்கக் கூடாது.

நான் அந்த ஊற்றுக்கு மேல் கான்கிரீட் தொட்டி கட்டினேன். எந்த ஊருக்குத் தண்ணீர் போக வேண்டும் என்று திருப்பிவிடுகிற வால்வையும் அதற்குள்ளேயே வைத்தேன். இரும்பு மூடி, ஒரு பூட்டு, ஒரு சாவி. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்றால் அப்படித்தான் கட்ட வேண்டும். இதில் எனக்கு வருத்தம் இல்லை. மழையில் வழுக்குகிற அந்தப் பாதையில் பெண்கள் குடம் சுமந்தது நின்றது. உன் அம்மாவுக்கு, எனக்கும் அத்தைதான் அவர், இடுப்பு வலி நின்றது. இதையெல்லாம் மறந்துவிட்டுப் பழைய காலமே மேல் என்று எவனாவது எழுதினால் அவன் தோளில் முதலில் ஒரு குடத்தை வைக்கச் சொல்வேன்.

சாவி யாரிடம் இருக்கலாம் என்று கேட்டபோது இரண்டு ஊரும் உன் பெயரைச் சொன்னது. பாதி அங்கே, பாதி இங்கே. நீ அதை உன் வண்டிச் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டிக்கொண்டாய். காலையில் கீழூருக்குத் திருப்புவாய், சாயந்திரம் மேலூருக்கு. ஒரு நாளும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

தூர் வாருகிற நாள் மட்டும் மெல்ல இல்லாமல் போனது. "மூடி போட்ட தொட்டில எதத் தூர் வாருறதுங்க?" என்றார்கள். நியாயமான கேள்விதான். கடைசி முறை வந்தது நீயும் நானும் அத்தையும்தான். நான் மூடியைத் திறந்து பார்த்து, "சுத்தமா இருக்குது, வேலை ஒண்ணுமில்ல, போலாம்" என்றேன். நீ அந்த மூடிமேல் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எனக்கு சேந்தமங்கலத்தில் வேலை இருந்தது. நான் இறங்கிவிட்டேன்.

பிறகு அந்தப் பனிமூட்டம். மரவள்ளிக்கிழங்கு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த லாரி. அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. உன் தாய்மாமன் பெரியசாமி மாமா மேலூர் ஆட்களோடு குடம் எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஏறினார். பூட்டியிருந்தது. இறங்கி வந்து சாவி கேட்டார். சாவி, வண்டியோடு சேர்ந்து போலீஸ் ஸ்டேஷனில். பூட்டை அறுக்கிற மெஷின் கீழே, எங்கள் கடையில். இருட்டுவதற்குள் போய் வர முடியாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குழாய் போட்டவன் நான்தானே.

"குழாய்ல வர்றதும் அதே ஊத்துத் தண்ணிதானுங்க மாமா. வாசல்லயே புடிச்சுக்கலாம், ரெண்டு நிமிசத்துல ரொம்பிரும்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் கீழூர்ப் பையன்கள் மேலூர்க் குடங்களை வாங்கி வாசல் குழாயில் பிடித்துவிட்டார்கள். பங்காளிகள் பிடித்த தண்ணீர். அதில்தான் உன்னைக் குளிப்பாட்டினார்கள். மாமா கையில் ஒரு குடம் மட்டும் மீதி. அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்தார். மேலூர் மொத்தமும் பின்னால் போனது. ஒருவரும் சாப்பிடவில்லை. அந்தக் குடம் இன்னும் உன் வாசலில் அப்படியே கவிழ்ந்து கிடக்கிறது, சதா. அத்தை அதைச் சுற்றித்தான் கூட்டுகிறார்.

நான் சொன்னது தப்பா? எந்த லேபில் கொடுத்துப் பார்த்தாலும் அதே தண்ணீர்தான். மேலூர்ப் பையன் ஒருத்தன் பிறகு ஒரு நாள் என் வண்டியை மறித்துக் கேட்டான்: "ஏன் பாய், உங்கூட்ல செத்தா குழாய்த் தண்ணிலதான் குளிப்பாட்டுவீங்களா?" "ஆமா, சுத்தமா இருந்தாப் போதும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் வளைவு இறங்கும்போது எங்கள் நன்னா, அப்பாவைப் பெற்ற தாத்தா, இறந்த நாள் ஞாபகம் வந்தது. தண்ணீர் எதுவாக இருந்தால் என்ன, கழுவுகிற கை யாருடையது என்பதற்கு எங்களுக்கும் முறை உண்டு. அவர் மகன்கள், என் அத்தாவும் பெரியத்தாவும்தான் கழுவினார்கள். வேறு யாராவது அவசரத்தில் முன்னால் வந்து நின்றிருந்தால் அத்தா அவரை என்ன செய்திருப்பார்? எனக்கு இது தெரியும். தெரிந்த நான் ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னேன்? இருட்டிக்கொண்டு வருகிறதே என்று மட்டும்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். அடுத்த நாளே மேலூர்க்காரர்கள் பழைய பூட்டை அறுத்துத் தங்கள் பூட்டைப் போட்டார்கள். வால்வு மேலூர்ப் பக்கமே நின்றது. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கீழூர்க்காரர்கள் அந்தப் பூட்டை அறுத்துத் தங்கள் பூட்டைப் போட்டார்கள். பூட்டும் அறுக்கிற பிளேடும் இரண்டு ஊருக்கும் விற்றது எங்கள் கடைதான். அத்தாவுக்கு ஒன்றும் தெரியாது, "மலையில திருட்டு ஜாஸ்தியாயிருச்சா?" என்று என்னைக் கேட்டார்.

உன் தாடிக்காரர் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். எதை எடுத்தாலும் யாரிடம் என்ன இருக்கிறது என்று பார் என்பார், அவ்வளவுதானே என்பேன். இந்த முறை பார்த்தேன். இரண்டு ஊரிலும் மிளகு வியாபாரம் பண்ணுகிற நாலு வீட்டில் பெரிய டேங்க் இருக்கிறது. வால்வை எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்களுக்கு ஒரு வாரம் தாங்கும். சண்டையில் அதிகம் சத்தம் போடுவதும் அந்த நாலு வீடுதான். ஒற்றைக் குடத்தோடு குழாயடியில் நிற்கிறவர்கள் மேலூரானாலும் கீழூரானாலும் வாயே திறப்பதில்லை. நீ இதை முன்னாடியே பார்த்தாயா? பார்த்திருந்தால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருப்பாய். நான் பைக் ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆபீஸ்காரர் சொன்னதையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விதிப்படி நடக்கிற இடத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்க மாட்டார்கள், அது நல்லது. ஆனால் ஆளையே பார்க்க மாட்டார்கள் என்பாய். குடிநீர்த் திட்ட ஆபீஸில் இருந்தவர் நல்ல மனுஷன், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "வேலை முடிஞ்சு ஊர்கிட்ட ஒப்படைச்சாச்சுங்களே. ஊர்ல இருந்து ஒரே மனுவா எழுதிக் குடுத்தா பாக்கலாம்" என்றார். ஒரே மனு எழுதுகிற நிலையில் ஊர் இருந்தால் நான் எதற்கு அங்கே போகிறேன்?

உன் கருமாதி வருகிற புதன்கிழமை. தாய்மாமன் கோடித்துணி கொண்டுவர வேண்டும். ஊற்றிலிருந்து அன்றைக்கும் தண்ணீர் எடுக்க வேண்டும், மேலூர்தான் எடுக்க வேண்டும். பெரியசாமி மாமா வராவிட்டால் காரியம் பாதியில் நிற்கும். அதைவிட, அண்ணன் வராத சாவு வீடு என்றால் அத்தைக்குப் பிறந்த வீடு அன்றோடு முடிந்தது. இனி மேலூருக்கு அவர் எந்த நல்லது கெட்டதுக்கும் ஏற முடியாது. புருஷனும் போய், மகனும் போய், அண்ணனும் போய், அந்த வீட்டில் தனியாக எப்படி இருப்பார்?

அதனால் நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். டைமர் வைத்த வால்வு ஒன்றைச் செய்தேன். சோலாரில் ஓடும், சின்ன பேட்டரி. இத்தனை மணிக்குக் கீழூர், இத்தனை மணிக்கு மேலூர் என்று ஒரு தரம் அமைத்துவிட்டால் தானே திரும்பிக்கொள்ளும். சாவி வேண்டாம், ஆள் வேண்டாம், சண்டை வேண்டாம். அதை எடுத்துக்கொண்டுதான் இன்றைய கூட்டத்துக்குப் போனேன்.

விளக்கினேன். பத்தே நிமிஷத்தில் ஒத்துக்கொண்டார்கள்.

"சாவியே வேண்டாங்களா?" என்றது மேலூர்.

"வேண்டாங்க."

"யாரும் போய்த் திருப்ப வேண்டியதில்லீங்களா?" என்றது கீழூர்.

"தேவையே இல்லீங்க."

"அப்ப இவனுங்க மூஞ்சியவே பாக்க வேண்டியதில்லைன்னு சொல்லுங்க!" என்றார் மிளகு வியாபாரி ஒருவர்.

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான் எங்களுக்குப் பொழுது விடியுதாக்கு?" என்றது எதிர்ப்பக்கம்.

முப்பத்து நாலு பேரும் சிரித்தார்கள். நீ போன பிறகு இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தரம். நானும் சிரித்தேன். டிசைன் சரியாக வேலை செய்கிறது என்ற சந்தோஷம்.

அத்தை ஓரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார். "அப்ப புதன்கெழமைக்கு?" என்றார்.

பெரியசாமி மாமா தலையைத் தூக்கவில்லை. "தண்ணிப் பிரச்சனைதான் தீந்துருச்சில்ல. இனி அவுங்கவுங்க ஊட்டுக் காரியத்த அவுங்கவுங்க பாத்துக்கறது" என்றார்.

"எங்கூட்டுக் காரியம் உங்கூட்டுக் காரியம் இல்லீங்களாண்ணா?"

அத்தை என்னிடம் வந்தார். என் கையில் அந்த டைமர் பெட்டி. அதைத் தொட்டுப் பார்த்தார், சுடுகிறதா என்று பார்க்கிற மாதிரி.

"ஏங்கண்ணு," என்றார், "இத மாட்டிப்போட்டா, எம் பையன் பாத்த வேலைக்கு ஆளே வேண்டாமா?"

"வேண்டாங்க அத்தை."

"அப்ப எங்கண்ணனும் எனக்கு வேண்டாம்னு ஆயிருமா?"

எந்த மெஷினுக்கும் நான் பதில் சொல்வேன், உனக்கே தெரியும். அத்தைக்கு வாயில் வந்தது ஒரு பொய். "பேட்டரி சரியில்லீங்க, மாத்தி எடுத்துக்கிட்டு வாரேன்" என்று பெட்டியை மூடிப் பையில் போட்டேன். பேட்டரி புதுசு.

கூட்டம் கலைந்தது. நான் வண்டியைக் கிளப்பப் போனபோது பெரியசாமி மாமா வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"பாய், அன்னைக்கு நீ சொன்னது நெசந்தான். அதே தண்ணிதான்" என்றார். "ஆனா நாங்க தண்ணிக்கா வந்தோம்?"

நான் வண்டியை ஸ்டாண்டு போட்டேன்.

"ஒருத்தரு வந்து 'வாங்க மாமா'ன்னு கூப்புடல பாரு. நாங்களா எப்புடிக் காரியத்துக்கு எறங்கி வர்றது? பந்தக்கால் நட்டுட்டாங்களான்னுகூட எங்களுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டார்.

கீழூர் கூப்பிடாது. சாப்பிடாமல் போனவர்களை எப்படிக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு ரோஷம். மேலூர் கூப்பிடாமல் வராது. உனக்காக அழுவதை விட்டுவிட்டு இரண்டு ஊரும் ரோஷத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, சதா. இரண்டு பக்கமும் உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. முன்பு அதற்கு ஒரு குடமும் ஒரு பாதையும் இருந்தது.

இப்போது நான் ஊற்று மூடிமேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ அன்றைக்கு உட்கார்ந்திருந்த அதே இடம். கீழே இரண்டு ஊரின் கூரையும் தெரிகிறது. அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. என் பைப்பில் கசிவு இல்லை, பார்த்தேன்.

உன் நாலாவது ஆளை, அந்தச் சண்டைக்காரரை, நான் ஒரு போதும் நம்பியதில்லை. சண்டையும் ஒரு உறவுதான், சண்டை போடுகிறவர்கள் இன்னும் ஒருத்தரை ஒருத்தர் கணக்கில் வைத்திருக்கிறார்கள், ஒட்டு விட்டுப்போவது கண்டுகொள்ளாமல் இருக்கும்போதுதான் என்பாய். "இதுக்கெல்லாம் பட்டம் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். "அவருக்கும் ரொம்ப நாள் ஒழுங்கான வேலை குடுக்கல, என்னைய மாதிரியேதான்" என்றாய். இன்று காலை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அவர் சொன்னது புரிந்தது. பூட்டை உடைத்தபோதெல்லாம் எனக்கு வராத பயம், அவர்கள் சந்தோஷமாக ஒத்துக்கொண்டபோது வந்தது.

எனக்குத் தோன்றுகிற வழி ஒன்றுதான். ஒரு கொண்டியில் இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலூரில், ஒன்று கீழூரில். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் மூடி திறக்கும், வால்வு திரும்பும். தினமும் இரண்டு வேளை. டிப்ளமோ முதல் வருஷப் பையன் வரைந்தால்கூட வாத்தியார் அடிப்பார். வேலையைக் குறைக்கிறதுக்குத்தான் நாங்கள் படிக்கிறோம். இது வேண்டுமென்றே வேலையைக் கூட்டுகிற டிசைன்.

இது சரியாக வரும் என்று எனக்கு நிச்சயம் இல்லை. ஒரு பக்கம் வராமல் இருந்தால் இரண்டு ஊரும் காய வேண்டியதுதான். அப்போதும் டேங்க் வைத்திருக்கிற நாலு வீடு தாங்கும், ஒற்றைக் குடம் வைத்திருக்கிறவர்கள்தான் காய்வார்கள். ஒருவேளை வெட்டுக்குத்துவரை போகலாம். ஒருவேளை ஒரு வாரத்தில் இரண்டு பூட்டையும் உடைத்துவிட்டு, டைமரையே கொண்டுவா என்று கடைக்கு வந்து நிற்கலாம். மனுஷர்களைப் பேச வைக்க நான் யார், எனக்கு யார் அந்த உரிமை கொடுத்தது? நீ இருந்திருந்தால் இதையே ஒரு பரீட்சைக் கேள்வியாகப் போட்டுவிட்டு, பதில் எழுதாமல் போயிருப்பாய். எனக்குக் கேள்வியோடு உட்கார்ந்திருக்க வராது. நீ போன நாளிலிருந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகவே இல்லை.

இனி நான் செய்யப் போவது இதுதான். உன் பிள்ளைகள் சாட்சி.

1. டைமரை மாட்ட மாட்டேன். பேட்டரி விஷயத்தில் பொய் சொன்னேன் என்று இரண்டு ஊரிலும் சொல்லிவிடுவேன். திட்டுவார்கள். திட்டட்டும்.

2. நாளை காலை அத்தையைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் உன் சாவி வளையத்தை வாங்குவேன். அந்தப் பழைய சாவிக்கு இனி பூட்டு கிடையாது. அது அத்தையிடம் இருக்கும்.

3. நாளை சாயந்திரத்துக்குள் மூடியில் கொண்டியை மாற்றி இரண்டு பூட்டு போடுவேன். மூன்றாவது சாவி என்று எதுவும் இருக்காது. என்னிடமும் இருக்காது.

4. இரண்டு ஊர்க் குழாயடியிலும் பொதுவாக ஒரு தொட்டி வைப்பேன். சண்டை இரண்டு நாள் நீண்டாலும் ஒற்றைக் குடக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும். இது தாடிக்காரருக்காக.

5. செவ்வாய்க்கிழமை அத்தையோடு மேலூர் ஏறுவேன். உன் வாசலில் கவிழ்ந்து கிடக்கிற குடத்தைக் கழுவாமல், நிரப்பாமல், அப்படியே எடுத்துப் போய்ப் பெரியசாமி மாமாவின் முன்னால் வைப்போம். "வாங்க மாமா" என்று நான் சொல்வேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

6. புதன்கிழமை விடிவதற்கு முன்னால் இந்த மூடிமேல் வந்து உட்கார்ந்திருப்பேன். இரண்டு சாவியும் வந்தால் எழுந்து வழிவிட்டு, குடம் தூக்கிப் போகிறவர்களுக்குப் பின்னால் நடப்பேன். ஒரு சாவி மட்டும் வந்தால், இரண்டாவது வரும்வரை உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு நேரமானாலும், வெயில் ஏறினாலும், உன் வாசலில் இருக்கிற குழாயை நான் திறக்க மாட்டேன்.

உன் மச்சான்,
ரியாஸ்